மாத்திரை இனாம், நாள் இனாம் இல்லை!

"கிராமத்து ஜனங்கள் வியாதியை முற்ற விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், எல்லாம் அறியாமை!" என்று நம்மில் பலர் வெகு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நாமும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். நம் வகுப்புப் பையன் ஒருவனுடைய பாட்டியார்தாம் நம்மைத் திருத்தினார்.

பையன் நாலு நாளாய்ப் பள்ளிக்கு வரவில்லையே என்று விசாரிக்கப் போனோம். நடவுக் கூலிக்குப் போகும் அந்த அம்மாள், இரத்தக் கொதிப்பினால் மயங்கி விழுந்து படுத்திருந்தார். மாத்திரை சாப்பிட்டுப் பல மாதம் ஆயிற்றாம். நாம் உபதேசத்தைத் தொடங்கியதும், "வாத்தியாரையா, மாத்திரை இனாம்தானுங்க. அதை வாங்கப் போற நாள் இனாம் இல்லையே!" என்றார்.

காலை பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, மத்தியானம் திரும்பினால் அன்றையக் கூலி போயிற்று. வலியே தெரியாத வியாதிக்காக, மாதம் ஒரு நாள் அடுப்பில் பூனை தூங்கச் சம்மதிப்பவர் யார்? அதோடு, சீட்டு எழுதினவர் நாலு பேர் எதிரில் அதட்டியதையும் பாட்டியார் மறக்கவில்லை. கூலியை விட அதுவே அதிகம் உறுத்தியதாக நமக்குத் தோன்றிற்று.

பணமில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்று 1946-லேயே ஸர் ஜோஸப் போர் கமிட்டி கூறிவிட்டது. போகும் கூலிக்கு வழி? தமிழ்நாட்டில் 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், கர்ப்பிணி இழக்கும் வருமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், பிற்பாடு 18,000 ஆகவும் உயர்ந்தது. இரவிலும் நர்ஸ் இருக்கும் சுகாதார நிலையங்களும், 2008 முதல் 108 வண்டியும் சேர்ந்துகொண்டன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இம்மாகாணப் பிரசவங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. ஜனங்கள் அதே ஜனங்கள்தாம். அறியாமை எங்கே ஓடிப்போயிற்று?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்', கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. நம் பாட்டியார் வீட்டுக்கு வருகிறவள் அதே ஊர்ப் பெண். "பெரியம்மா" என்று அழைத்துத் திண்ணையில் உட்கார்ந்து, கையில் பட்டையைச் சுற்றிக் கொதிப்பைப் பார்க்கிறாள். மாத்திரைகள் இப்போது சுருக்குப் பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சென்ற மாதம் இரண்டு மாத்திரை மிச்சம் இருந்ததற்காக அவளிடம் நன்றாக வசவு வாங்கினாராம். அதை நம்மிடம் சொல்லும்போது பாட்டியார் முகத்தில் ஒரே சந்தோஷம்!