நிறமேறிய வெள்ளி நாணயங்கள்: தரமிடலும் ஒளிப்படமும்

நிறமேறிய நாணயம் என்பது, நெடுங்காலம் காற்றோடும் தன்னைச் சுற்றியிருந்த துணி, தாள், மரம் போன்றவற்றோடும் வினைபுரிந்து, மேற்பரப்பில் புதிய நிறங்களைப் பெற்ற நாணயமாகும். சேகரிப்பாளர்கள் இதனை டோனிங் என்று அழைக்கின்றனர். வெள்ளி நாணயங்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நாணயத்தின் மதிப்பை உயர்த்தக்கூடிய இந்த நிறமே அழுக்கு என்று தவறாக எண்ணப்பட்டுத் தேய்த்து அகற்றப்படுவதும் உண்டு.

சேலம் நகரம் வெள்ளிக் கொலுசுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதன் அண்மையில் உள்ள இராசிபுரம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில், விக்டோரியா அல்லது ஐந்தாம் ஜார்ஜ் உருவம் பொறித்த ரூபாய்கள் பூசையறையிலோ பெட்டியிலோ இருப்பதுண்டு. கறுத்துப்போன ரூபாயைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது அல்லது எடைக்குப் போடுவது இவ்வீடுகளில் எளிதாக நடந்துவிடுகிறது. இரண்டுமே திரும்பப் பெற முடியாத இழப்புகள்.

நிறம் உண்டாகும் விதம்

காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து, வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. ஈரப்பதமும் வெப்பமும் இவ்வினையை விரைவுபடுத்தும். கந்தகம் கலந்த தாள், அட்டை, ரப்பர் வளையம் ஆகியவற்றோடு தொட்டிருந்த இடங்களில் நிறம் முந்தி ஏறும்.

தொடக்கத்தில் இப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடியிலுள்ள வெள்ளியிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் நிறங்கள் தோன்றுகின்றன. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் நிறம் தெரிவதும் இதே காரணத்தால்தான். படலம் தடிக்கத் தடிக்க வெளிர்மஞ்சள், பொன்னிறம், செம்பழுப்பு, ஊதா, நீலம் என நிறம் ஒரு வரிசையில் மாறிச் செல்லும். மிகவும் தடித்த பிறகு நாணயம் கறுத்துவிடும்.

ரூபாயின் உலோகம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் இந்தியாவில் தன் ஆட்சிப் பகுதிகளுக்கு ஒரே சீரான ரூபாயை வெளியிட்டது. அதன் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 91.67 விழுக்காடு வெள்ளி, எஞ்சியது செம்பு. எனவே தேயாத ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு. இந்த அளவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல், வெள்ளியின் பங்கு 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கலால் செய்யப்பட்டது. ஆகவே ஒரே பெட்டியில் கிடந்த 1918ஆம் ஆண்டு ரூபாயும் 1944ஆம் ஆண்டு ரூபாயும் ஒரே விதமாக நிறமேறுவதில்லை.

துலக்குவதால் நேரும் இழப்பு

அச்சில் அடிக்கப்படும்போது உலோகம் விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகளை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. புதிய நாணயத்தை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள்போல் ஒளி சுழல்வது இக்கோடுகளால்தான். சாம்பலோ பற்பசையோ கொண்டு தேய்த்தால் இவை அழிந்து, அவற்றின் இடத்தில் மயிரிழைக் கீறல்கள் விழும். வேதிக் கரைசலில் நனைத்தெடுத்தாலும் படலமாக மாறிய வெள்ளி போய்விடும். பலமுறை நனைத்தால் நாணயம் உயிரற்ற வெண்மையாகிவிடும். துலக்கிய நாணயம் சில ஆண்டுகளில் மீண்டும் கறுக்கும். ஆனால் போன ஒளிர்வு மீளாது.

தரமிடல்

உலக அளவில் இன்று பெரிதும் பின்பற்றப்படுவது 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோல். அமெரிக்கச் செம்பு நாணயங்களுக்காக வில்லியம் ஷெல்டன் இதனை 1949இல் வெளியிட்டார். புழக்கத்தில் தேயாத நாணயங்கள் 60 முதல் 70 வரையும், மிகச் சிறிதளவே தேய்ந்தவை 50 முதல் 58 வரையும் எண் பெறும். அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் நாணயத்தை ஆராய்ந்து எண்ணிட்டு, ஞெகிழிப் பேழையில் அடைத்துத் தருகின்றன. துலக்கப்பட்டது எனத் தெரியும் நாணயத்துக்கு வழக்கமான எண் தரப்படுவதில்லை. குறைபாடு மட்டும் குறிக்கப்படும். கண்ணைக் கவரும் அழகுடைய நாணயங்களுக்கு என்.ஜி.சி. எண்ணோடு ஒரு நட்சத்திரக் குறியும் இடுகிறது.

நிறமேறிய நாணயத்தைத் தரமிடுவதில் மூன்று கேள்விகள் முதன்மையானவை.

1. நிறத்தின் அடியில் ஒளிர்வு உள்ளதா? நல்ல நிறம் ஒளிபுகும் திரைபோல இருக்கும்; சாய்த்தால் அடியிலுள்ள ஒளிர்வு சுழலும்.
2. உயர்ந்த இடங்கள் தேய்ந்துள்ளனவா? கன்னம், காது, மகுடம், அங்கி ஆகியவற்றின் மேட்டுப் பகுதிகள் மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் அது தேய்மானத்தின் அடையாளம்.
3. கீறல்களின் மேலும் நிறம் படர்ந்துள்ளதா? படர்ந்திருந்தால் கீறல் முந்தியது, நிறம் பிந்தியது. ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களின் மேல் நிறம் இருந்தால், துலக்கிய பின் மீண்டும் நிறமேறிய நாணயம் என்று ஐயுறலாம்.

செயற்கை நிறம்

வெப்பத்தாலும் கந்தகச் சேர்மங்களாலும் சில மணி நேரத்தில் நிறமேற்றி விற்பவர்களும் உள்ளனர். இயற்கையாக ஏறிய நிறம் பெரும்பாலும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, மேலே கூறிய வரிசையில், படிப்படியாக மாறும். வரிசை இல்லாமல் ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்குத் திடீரெனத் தாவுவது, நிறம் மேற்பரப்பின் மேல் பூசியதுபோல் மிதப்பது, எழுத்துகளின் மறைவிலும் வெளியிலும் வேறுபாடின்றி ஒரே சீராக இருப்பது ஆகியவை ஐயத்துக்கு இடமளிக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

ஒளிப்படம் எடுத்தல்

குறுக்கீட்டு நிறம், நாணயத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி நேராக வில்லையை அடைந்தால் மட்டுமே முழுமையாகத் தெரியும். பக்கவாட்டில் தாழ்வாக விளக்கு வைத்தால் எழுத்தும் உருவமும் துலங்கும்; நிறம் கறுப்பாகவோ பழுப்பாகவோ பதிவாகும். எனவே கேமராவை நாணயத்துக்கு நேர் மேலே தாங்கியில் பொருத்தி, இரு விளக்குகளைக் கடிகாரத்தின் 10 மணி, 2 மணித் திசைகளில், வில்லைக்கு அருகே உயரமாக வைப்பது வழக்கம். மற்றொரு முறையில், நாணயத்துக்கு மேலே தூய கண்ணாடித் தகடு 45 பாகை சாய்வில் நிறுத்தப்படும். பக்கத்திலிருந்து வரும் ஒளி அதில் பட்டு நாணயத்தின் மேல் நேராக விழுந்து, அதே கண்ணாடியின் ஊடே கேமராவை அடையும். நிறங்களைக் காட்ட இதுவே சிறந்த முறை. ஆனால் இது மயிரிழைக் கீறல்களை மறைத்துவிடக்கூடும். ஆகவே இரு முறைகளிலும் ஒவ்வொரு படம் எடுப்பது நேர்மையான பதிவாகும்.

வெண்மைச் சமநிலையைச் சாம்பல் நிற அட்டை கொண்டு சரிசெய்ய வேண்டும். செறிவைக் கூட்டக் கூடாது. கைப்பேசியில் எடுப்போர் பளிச்சொளியை அணைத்து, சற்றுத் தள்ளி நின்று படமெடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். மிக அருகில் சென்றால் கைப்பேசியின் நிழலே நாணயத்தில் விழும். இரு முகங்களும் விளிம்பும் பதிவாக வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்புறத்தில், கீழேயுள்ள தாமரையின் அடியில் சிறு புள்ளி இருந்தால் அது பம்பாய் அக்கசாலையில் அடிக்கப்பட்டது, புள்ளியில்லாதது கல்கத்தாவினது. இப்புள்ளி தெரியாத படம் முழுமையானதன்று.

சட்டமும் ஒளிப்படமும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத நாணயங்கள் தொல்பொருள்களாகும். தனியார் இவற்றை நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. எனவே இந்தியாவில் உள்ள விக்டோரியா ரூபாயைத் தனியொருவர் எண்ணிடுவதற்காக அமெரிக்காவுக்கு அனுப்ப இயலாது. நேரில் காண முடியாத வல்லுநரின் கருத்தைப் பெற ஒளிப்படமே பெருந்துணையாகிறது. படம் நிறத்தை மிகைப்படுத்தினால் தரமும் பிழையாகும்.

மண்ணில் புதைந்து கிடைத்த நாணயங்களுக்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கரூர், வெள்ளலூர் முதலிய இடங்களில் உரோமானிய நாணயங்கள் கிடைத்துள்ள கொங்குப் பகுதியில் இது நினைவில் கொள்ளத்தக்கது. அத்தகைய நாணயங்களைக் கழுவாமல், கிடைத்த நிலையிலேயே படமெடுத்து ஒப்படைப்பது ஆய்வுக்கு உதவும்.

பாதுகாத்தல்

நாணயத்தை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். முகத்தில் படும் விரல்ரேகை நாளடைவில் நிறமாகப் பதிந்துவிடும். மென்மையான பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் பச்சை நிறப் பிசுக்கை உண்டாக்கும். மைலார் உறைகளே ஏற்றவை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்தால் நிறம் மேலும் தடித்துக் கறுப்பது பெரிதும் தாமதமாகும்.