100 நானோ வினாடி பொறுத்தால் போதும்!

கெலாங் பாத்தா பக்கமிருந்து சிங்கப்பூரின் துவாசுக்குச் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலத்தின் நீளம் சுமார் 1.9 கிலோமீட்டர். காலை நெரிசலில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் அந்தத் தூரத்தின் அருமை தெரியும். ஒளி அதை 6 மைக்ரோ வினாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். அதே ஒளி 100 நானோ வினாடியில் 30 மீட்டர்தான் போகும். இவ்வளவு சிறிய நேரத்தைக் காத்திருக்கத் தவறினால் கணினி பொய்யான தரவைப் படித்துவிடும் என்றால் நம்புவீர்களா, மாணவர்களே?

விரலியிலும் கைப்பேசியிலும் பல ரவுட்டர்களிலும் இருப்பது நேண்ட் வகை பிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்காவின் குழு 1987-இல் அறிவித்த கண்டுபிடிப்பு இது. அந்தச் சில்லுக்கு ஆணையிடும் மென்பொருளே டிரைவர். 'இந்தப் பக்கத்தைப் படி' என்று டிரைவர் ஆணையிட்டதும், சில்லு ஒரு கம்பியின் மின்னழுத்தத்தைத் தாழ்த்தி 'வேலையாக இருக்கிறேன்' என்று காட்டும். வேலை முடிந்ததும் அது மீண்டும் உயரும்.

சிக்கல் இங்கேதான். ஆணை கிடைத்த பிறகு அந்தக் கம்பி தாழவே பல சில்லுகளில் 100 நானோ வினாடி வரை ஆகலாம்.

ஒட்டுக்கடையில் "அண்ணே, ஒரு தே தாரேக்" என்று சொன்ன கணமே அவர் கையைப் பாருங்கள். கை சும்மாதான் இருக்கும். அவர் இன்னும் தொடங்கவில்லை. கலக்கி முடித்துவிட்டார் என்று எண்ணி, மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன கிளாசை எடுத்தால் என்ன ஆகும்? அவசரப்பட்ட டிரைவரும் அப்படித்தான் பழைய தரவை எடுத்துவிடும்.

மெதுவான கணினியில் இந்தப் பிழை தெரியாது. அடுத்த கட்டளைக்குப் போவதற்குள் 100 நானோ வினாடி தானாகவே கழிந்துவிடும். அதே நிரலை வேகமான கணினியில் ஓட்டினால் குட்டு வெளிப்படும். அதனால்தான் லினக்ஸின் நேண்ட் டிரைவரில், எந்தக் கணினியானாலும் முதலில் 100 நானோ வினாடி காத்திருந்து, பிறகே கம்பியைப் பார்க்கும்படி எழுதினார்கள்.

காத்திருப்பதிலும் இரண்டு வகை உண்டு. 100 நானோ வினாடிக்குச் செயலி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதே சிக்கனம். வேறு வேலைக்குப் போய்த் திரும்பவே அதைவிட அதிக நேரமாகும். ஒரு தொகுதியை அழிக்க ஏறக்குறைய 2 மில்லி வினாடி ஆகும். அது 100 நானோ வினாடியைப் போல 20,000 மடங்கு. அப்போது தூங்கி எழுவதே நல்லது. இடையில் செயலி வேறு வேலையைக் கவனிக்கும்.

பள்ளியில் ரோபோ செய்கிறவர்களும் கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள். 'என் கணினியில் ஓடுகிறதே' என்பது சரியான நிரலுக்குச் சான்று ஆகாது. சில்லின் விவரக்குறிப்பில் நேர அட்டவணை என்றொரு பகுதி இருக்கும். பலரும் புரட்டிவிட்டுப் போகும் அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள்.