காட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை

தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம், 'அவன் நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டான்' என்று சொல்லிப் பாருங்கள். காட்டு தெரியும், கொடு தெரியும். ஆனாலும் எதைக் காட்டினான், யாருக்குக் கொடுத்தான் என்று விழிப்பார். துரோகம் என்ற பொருள் தனித்தனியாக அந்த இரண்டு சொல்லிலும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பிறக்கிறது.

ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் நம்மைப் படுத்தும் பாடும் இதேதான். 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. சேர்த்து 'கிவ் அப்' என்றால் முயற்சியைக் கைவிடு. ஒரு வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட், ஆன் போன்ற குட்டிச்சொல் ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தந்தால் அது ஃப்ரேசல் வெர்ப். வெளிநாட்டவரை ஆங்கிலத்தில் மிகவும் திணறடிப்பது இந்தச் சேர்க்கைதான் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். ஆகவே திணறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'புட்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். வை, போடு என்பது நேர்ப்பொருள். 'புட் ஆன்' என்றால் சட்டையைப் போட்டுக்கொள்வது. 'புட் ஆஃப்' என்றால் கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவது. 'புட் அவுட்' தீயை அணைப்பது. 'புட் அப் வித்' மாடி வீட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது. முதல் இரண்டையும் கவனியுங்கள்: அங்கே 'புட்' இருக்கும் இடத்தில் இங்கே 'போடு' இருக்கிறது.

சூட்சுமம் பெரும்பாலும் குட்டிச்சொல்லில்தான் இருக்கிறது. 'அப்' பல இடங்களில் ஒன்றை முழுதாக முடிப்பதைக் காட்டும். 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் உள்ள வித்தியாசம், நாம் 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டுவிடு' என்பதற்கும் வைத்திருக்கும் வித்தியாசத்தைப் போன்றது. 'ஆன்' தொடர்ச்சியைக் காட்டும்: 'கேரி ஆன்', 'கீப் ஆன்'. 'ஆஃப்' விலகலைக் காட்டும்: செருப்பைக் கழற்றுவதும் 'டேக் ஆஃப்', விமானம் தரையை விட்டுக் கிளம்புவதும் 'டேக் ஆஃப்'. இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது. ஆனால் நிறையத் திறக்கும்.

எங்கே பிரிக்கலாம் என்பது அடுத்த சிக்கல். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. லைட்டுக்குப் பதிலாக 'இட்' வந்தால் மட்டும் அது நடுவில்தான் நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்' போன்றவை பிரியவே பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றுதான் வரும்.

நமக்கென்றே சில பள்ளங்களும் உண்டு. சமாளிப்பதை 'கோப் அப் வித்' என்கிறோம். 'கோப் வித்' போதும், 'அப்' வேண்டாம். படிப்பை முடித்ததை '2018இல் பாஸ் அவுட் ஆனேன்' என்கிறோம். இந்தியாவில் இது எல்லோருக்கும் புரியும். அமெரிக்க இன்டர்வியூவில் சொன்னாலோ, அந்த வருடம் மயங்கி விழுந்தீர்கள் என்று பொருளாகிவிடும். பிரிட்டனில் ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு இந்தச் சொல் உண்டு; கல்லூரி முடித்தவர் 'கிராஜுவேட்' என்று சொல்வதே பத்திரம்.

எப்படிப் படிப்பது? 'புட்' குடும்பம் முழுவதையும் பட்டியல் போட்டு ஒரே இரவில் உருப்போட்டால், மறுநாள் தீயைத் தள்ளிப்போட்டுக் கூட்டத்தை அணைப்பீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். ஒவ்வொன்றையும் ஒரே சொல்லாகக் கருதி, உங்கள் வீட்டு விஷயம் ஒன்றோடு வாக்கியமாக எழுதுங்கள். சிலிண்டர் தீர்ந்த அன்று 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்' என்று எழுதினால் பிறகு மறக்காது. பக்கத்திலேயே தமிழில் அதற்கு ஈடான வினையையும் எழுதிவையுங்கள்.

'லுக் ஆஃப்டர்' என்பதற்கு எதிரே எழுத வேண்டியது 'பார்த்துக்கொள்'. தம்பியைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டுக் கடைக்குப் போனபோது, நாம் அவனையே முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் காது நமக்கு அப்போதே வந்துவிட்டது.