அப்பா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்: டிஜிட்டல் பிரின்ட்டில் ஏன் வேறு மாதிரி வருகிறது?

பீரோவில் கிடந்த பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்து, லேபில் கொடுத்துப் பிரின்ட் போட்டிருக்கிறீர்களா? போனில் பளிச்சென்று இருந்த படம் கைக்கு வரும்போது இருண்டிருக்கும். கறுப்பு வெள்ளையில் லேசாகப் பச்சையோ ஊதாவோ தட்டும். டார்க்ரூமில் போட்ட பழைய பிரின்ட்டைப் பக்கத்தில் வைத்தால், 'அந்தக் காலத்து வேலையே வேற' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

முதலில் இருட்டு. திரை தானே ஒளி விடுகிறது; தாள், அறையில் இருக்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். பளபளப்பான தாளில் வெள்ளைப் பகுதி, கறுப்பைவிட நூறு மடங்குக்குச் சற்று அதிகமாக ஒளியைத் திருப்பும். மேட் தாளில் சுமார் 40 மடங்குதான். ஓஎல்இடி போனிலோ கறுப்பு வர வேண்டிய இடத்தில் பிக்சலே அணைந்துவிடுகிறது. இதோடு எந்தத் தாளும் போட்டி போட முடியாது.

நிறம் தட்டுவதற்குக் காரணம் வேறு. பல லேப்களில் கறுப்பு வெள்ளைப் படமும் கலர் தாளில்தான் அச்சாகிறது. (இதில் ஒரு வேடிக்கை: நாம் 'டிஜிட்டல்' என்று சொல்லும் பிரின்ட்டில் பலவும் லேசர் ஒளி பட்டு, ரசாயனத்தில் கழுவி வருபவை.) அங்கே மூன்று சாயங்கள் சேர்ந்துதான் சாம்பல் நிறம் உருவாகிறது. கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பழைய தாளில் படத்தை உருவாக்கியது வெள்ளித் துகள். அதற்கு நெருக்கமாக வேண்டுமென்றால், சாம்பல் மைகள் தனியாக உள்ள பிக்மென்ட் இங்க்ஜெட்டில், பரைட்டா தாளில் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். விலை கூடும்.

அதற்காகப் பழைய பிரின்ட்டை அச்சு அசலாக எதிர்பார்க்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். டார்க்ரூமில் ஒவ்வொரு பிரின்ட்டும் கைவேலை. எந்த இடத்தை எத்தனை நொடி கையால் மறைத்தார் என்பதைப் பொறுத்து மாறும். ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவில் எடுத்த 'மூன்ரைஸ்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் ஒன்றுதான். ஆனால் பிற்காலத்தில் அவர் போட்ட பிரின்ட்களில் வானம் மிகவும் கறுத்துவிட்டது. அப்பாவும் இன்று போட்டால் வேறு மாதிரி போட்டிருப்பார்.

டார்க்ரூமிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது டெஸ்ட் ஸ்ட்ரிப்பை. படத்தில் முகம் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, நாலு பிரகாச அளவில் ஒரே தாளில் போடச் சொல்லுங்கள். ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள். பகலில் ஜன்னலோரம் ஒரு முறை, ராத்திரி படம் மாட்டப்போகிற சுவரில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். பெரிய சைஸுக்கு அப்புறம் பணம் கட்டலாம்.