நூறில் சரிபாதி 63

சேர்ந்து வாழ முடியாது என்று முடிவுக்கு வந்துவிட்ட ஒரு கணவன் மனைவி. இருவரும் சம்பாதித்து வாங்கிய நான்கு சொத்துகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: புறநகரில் ஒரு ஃபிளாட், கணவரின் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு மனை, ஒரு கார், வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகை. கடன் பாக்கி இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசினால், "எல்லாத்தையும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்குங்க" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நான்கு சொத்துகளை வைத்துக்கொண்டு இருவருக்குமே பாதிக்கு மேல் கொடுக்க முடியும் என்கிறது கணிதம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர் ஸ்டீவன் பிராம்ஸும் கணிதவியலாளர் ஆலன் டெய்லரும் 1990களில் உருவாக்கிய முறை இது. ஆளுக்கு 100 புள்ளிகள். தனக்கு எந்தப் பொருள் எவ்வளவு முக்கியம் என்பதற்கேற்ப அவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பங்கிட்டு எழுத வேண்டும். நம் தம்பதியில் மனைவி ஃபிளாட்டுக்கு 50, வைப்புத்தொகைக்கு 30, மனைக்கு 10, காருக்கு 10 என்று எழுதுகிறார். கணவரின் தாளில் ஃபிளாட்டுக்கு 40, மனைக்கு 30, காருக்கு 20, வைப்புத்தொகைக்கு 10.

எந்தப் பொருளுக்கு யார் அதிகம் எழுதினாரோ அது முதலில் அவருக்கு. ஃபிளாட்டும் பணமும் மனைவிக்குப் போக, அவர் கையில் 80 புள்ளி. மனையும் காரும் கணவருக்குப் போக, அவரிடம் 50. இது சமமில்லை. ஆகவே இருவரின் மதிப்பீடும் நெருக்கமாக உள்ள பொருளை, அதாவது ஃபிளாட்டை, மனைவி பக்கத்திலிருந்து நகர்த்த வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு கணவருக்குப் போனதும் இருவரும் 63 புள்ளியைச் சற்றே தாண்டிச் சமமாகி விடுகிறார்கள். அந்தப் பங்குக்கான தொகையை மனைவி கொடுத்துவிட்டு அதே வீட்டில் இருக்கலாம்.

63-ஐயும் 63-ஐயும் கூட்டினால் 126. மாயமந்திரம் எதுவும் இல்லை. இருவரும் ஒரே பொருளுக்கு ஒரே அளவு ஆசைப்படவில்லை. அந்த வேறுபாடுதான் உபரியாக வந்து நிற்கிறது. மண வாழ்க்கையைக் கெடுத்த அதே ரசனை வேறுபாடு பாகப்பிரிவினையில் லாபமாகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான். கணவருக்குப் போன பங்கை மனைவி தன் கணக்கில் மதிப்பிட்டால் 37 புள்ளிகூடத் தேறாது. ஆகவே பொறாமைக்கு இடமில்லை. சொத்து எத்தனை இருந்தாலும் அதிகபட்சம் ஒன்றைத்தான் துண்டுபோட நேரும். இந்த முறைக்கு அந்தப் பல்கலைக்கழகம் 1999-இல் காப்புரிமையே வாங்கி வைத்தது.

ஓட்டையும் உண்டு. கணவரின் தாளை மனைவி முன்கூட்டியே பார்த்துவிட்டார் என்றால், ஃபிளாட்டுக்கு 41, பணத்துக்கு 11 என்று ஒரு புள்ளி மட்டும் கூட்டி எழுதி, மிச்சத்தை மனைக்கும் காருக்கும் தள்ளிவிடலாம். அப்போது அவருக்கு உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 79, கணவருக்கு 51. இதே வித்தையைக் கணவரும் செய்யலாம். இருவரும் எதிராளியின் தாளைப் பார்க்காமல் குருட்டாம்போக்கில் செய்தால் இருவருக்குமே கையைச் சுடும். "அவளுக்கு அந்த வீடு கிடைக்கவே கூடாது" என்று வீம்புக்குப் புள்ளி போடுகிறவரை எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

நம் நாட்டில் இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை உண்டு. விவாகரத்து ஆனால் சொத்தில் தானாகவே பாதி வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. போர்த்துக்கீசியரின் 1867-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தைத் தொடரும் கோவா ஒரு விதிவிலக்கு. மற்ற இடங்களில் யார் பெயரில் சொத்து இருக்கிறதோ, பெரும்பாலும் அவருக்கே. நீதிமன்றம் தருவது ஜீவனாம்சம். மனைவிக்குப் போட்ட நகையும் சீர்ப்பொருள்களும் பேரத்துக்கே வராது. அவை அவருடைய தனிச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது.

ஆகவே புள்ளிக் கணக்குக்குப் பொருத்தமான இடம் பரஸ்பர சம்மத விவாகரத்து. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் கூட்டாக மனு போடலாம். பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தளர்வுக்கு அவசரப்படுகிறவர்கள், பேசித் தீர்க்கக் கிடைத்த காலத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். சொத்தை மறைக்கும் பழக்கத்துக்கும் ஒரு கடிவாளம் உண்டு. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

குழந்தை என்று வரும்போது கணிதம் கையை விரித்துவிடுகிறது. இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. எந்த வயதானாலும் குழந்தையின் நலனே முதன்மை என்றும் சொல்கிறது. 'தாய்க்கு எவ்வளவு, தகப்பனுக்கு எவ்வளவு' என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

அந்த நலனைப் பற்றி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உளவியலாளர் ராபர்ட் எமெரி நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. குழந்தைக்காக நீதிமன்றம் வந்த 71 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார்கள், மற்றவர்கள் வழக்காடினார்கள். சமரசத்துக்குச் செலவானது சராசரியாக ஐந்து மணி நேரம்தான். 12 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, குழந்தையுடன் வசிக்காத பெற்றோரில் வாரம் ஒருமுறையாவது பிள்ளையை நேரில் பார்த்தவர்கள் வழக்காடிய பக்கம் 9 சதவீதம். சமரசம் பேசிய பக்கம் 28 சதவீதம். வாராவாரம் ஃபோனில் பேசியவர்கள் 14-க்கு எதிராக 52 சதவீதம். 71 குடும்பம் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் குடும்ப வழக்குகளில் இப்படிக் குலுக்கிப் போட்டுச் செய்த ஆய்வு அபூர்வம். ஐந்து மணி நேரப் பேச்சின் பலன் 12 ஆண்டு நிற்கிறது என்றால், நம் குடும்பநல நீதிமன்றங்களில் கவுன்சலிங் தேதியை வெறும் வாய்தாவாகக் கடத்திவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஃபிளாட்டை ஒருமுறை பிரித்தால் முடிந்தது. குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கும். மூன்று வயதுக்குப் பொருந்திய ஏற்பாடு பத்தாம் வகுப்பில் பொருந்தாது. சட்டத்துக்கும் இது தெரியும். தீர்ப்பு வந்த பிறகும் குழந்தையின் பொறுப்பு, படிப்பு, பராமரிப்பு பற்றிய உத்தரவுகளை மனு போட்டு மாற்றிக்கொள்ள இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வழிவிடுகிறது. கூட்டு மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன், குழந்தையின் ஏற்பாட்டை எந்தெந்த வயதில் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.