பப்பாசிப் பாலும் சமிபாட்டுக் குளிசைகளும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள மருந்துக்கடைகளில் "தாவர நொதியம்" என்ற விளம்பரத்துடன் விற்கப்படும் சமிபாட்டுக் குளிசைகள் பலவற்றின் அடிப்படைப் பொருள் பப்பெயின் ஆகும். பப்பாசிக்காயின் பாலிலிருந்து பெறப்படும் இந்நொதியம் இலங்கையர்க்குப் புதியதன்று. இறைச்சி மென்மையாக வேகுதற்குப் பச்சைப் பப்பாசித் துண்டுகளைச் சேர்க்கும் வழக்கம் நமது சமையலறைகளில் நெடுங்காலமாக உண்டு. முற்றிய, ஆனால் பழுக்காத காயை அதிகாலையில் நெடுக்காகக் கீறி, வடியும் பாலை ஏந்தி உலர்த்தினால் கிடைப்பதே பண்படுத்தாத பப்பெயின். இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் இதனை உலகச் சந்தைக்கு வழங்கிய நாடுகளுள் இலங்கை முதன்மை பெற்றிருந்தது. பின்னர் அவ்விடத்தை ஆபிரிக்க நாடுகள் பெற்றன. பாலாக ஏற்றுமதியான பொருள் குளிசையாகத் திரும்பி வருவது குடியேற்றகாலப் பொருளாதாரத்தின் பழைய கதைதான்.

1879இல் பிரான்சிய இரசாயனவியலாளர் வூர்ட்சும் மருத்துவர் புஷூவும் இந்நொதியத்தைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். பப்பெயின் புரதத்தைச் சிதைக்கும். கொழுப்பையோ மாப்பொருளையோ அது சமிக்கச்செய்வதில்லை. சோதனைக்குழாயிற் காணும் இச்செயலை அவ்வாறே இரைப்பையிலும் எதிர்பார்ப்பதுதான் தவறு. நடுநிலையை அண்டிய ஊடகத்தில் நன்கு தொழிற்படும் பப்பெயின், இரைப்பைச் சாற்றின் கடும் அமிலத்தில் பெரும்பாலும் செயலிழந்துவிடுகின்றது. உணவுடன் உட்கொள்ளும்போது அமிலம் சற்றுத் தணிவதால் ஓரளவு செயல் எஞ்சலாம். ஆயினும் அதன் தேவை யாருக்கு? சதையியின் நொதியச் சுரப்பு இயல்பான அளவின் ஏறத்தாழ 10 சதவீதத்துக்குக் கீழே குறைந்த பின்னரே கொழுப்புச் சமிபாடு வெளிப்படையாகக் குலைகின்றது. உடல்நலமுள்ளவரிடம் அவ்வளவு மிகுதி இருப்பில் உண்டு.

சதையி உண்மையாகவே பழுதுற்ற நோயாளியின் நிலை வேறு. அவருக்கு முதன்மையாக வேண்டியது கொழுப்பைச் சிதைக்கும் இலிப்பேசு. பயன் உறுதிசெய்யப்பட்ட மருந்து பன்றியின் சதையியிலிருந்து பெறப்படுவதால், சைவ உணவினரும் முஸ்லிம்களும் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசித் தீர்த்தல் வேண்டும். பப்பெயின் அதற்கு ஈடாகாது.

"தாவர" என்ற அடைமொழியும் ஆராயத்தக்கது. பாலிலுள்ள இலற்றோசைச் சிதைக்கும் இலற்றேசு, பருப்புவகைகளால் தோன்றும் வாயுவைக் குறைக்கும் ஆல்பா-கலற்றோசிடேசு ஆகியவை உரியவர்க்குப் பயன்தருவனவே. ஆனால் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் அசுப்பெர்கிலசு முதலிய பூஞ்சணங்களிலிருந்து பெறப்படுவன. இலையோ காயோ அவற்றின் மூலமன்று. தாவரமென்றால் தீங்கற்றது என்பதும் பொருந்தாது. இறப்பர்ப்பால் ஒவ்வாமை உடையோர்க்குப் பப்பெயினும் ஒவ்வாது போகலாம்.

பெரிய இழப்பு காலத்தினாலானது. நடுத்தர வயதைக் கடந்தவர்க்குப் புதிதாகத் தோன்றும் அசீரணத்துடன் உடல்மெலிவு, விழுங்குவதில் இடர், கருநிற மலம் என்பவற்றுள் ஒன்றேனும் சேருமாயின் புற்றுநோயோ குருதிக்கசிவோ இருக்கக்கூடும். மாதக்கணக்கிற் குளிசை விழுங்குபவர் அக்காலத்தில் உட்காட்டிப் பரிசோதனையை இழக்கிறார்.

1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் தலைமையில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டபோது, வாணிபப் பெயரை நீக்கி, மருந்தின் பயனையும் விலையையும் பார்ப்பதே கொள்கையாயிற்று. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருள்களையும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ்க் கொணர்ந்துள்ளது. எந்த நொதியம், எம்மூலத்தினது, எத்தனை அலகு, எந்நோய்க்கு என்ற விவரங்களைக் குளிசைப் போத்தலின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுமாறு கோருவதற்கு நுகர்வோர்க்கு நியாயமுண்டு.