புத்தகம் தொலைந்த கார்கள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் கே.கே.எஸ். வீதியை விட்டு உள் ஒழுங்கைகளுக்குள் இறங்கினால், பழைய வளவுகளின் பின்பக்கக் கொட்டில்களில் ஒஸ்ரின் ஏ40 அல்லது மொரிஸ் மைனர் ஒன்று நிற்பதை இன்றும் காணலாம். சிலவற்றுக்கு ரயர் இல்லை. சிலவற்றின் தகரம் துருவேறி உதிர்கிறது. நல்ல மெக்கானிக் ஒருவர் கைவைத்தால் ஓடக்கூடியவையும் அவற்றுக்குள் உண்டு. ஓடக்கூடியதாக இருந்தும் அவை வீதிக்கு வருவதில்லை, காரணம் பதிவுப் புத்தகம். ஒன்றில் புத்தகம் தொலைந்திருக்கிறது. அல்லது அதில் பெயருள்ளவர் எங்கே என்று எவருக்கும் தெரியாது. அல்லது அதில் எழுதியிருக்கும் எஞ்சின் இலக்கம் காரில் இருக்கும் எஞ்சினோடு பொருந்தாது. இவற்றைச் சொந்தக்காரரின் கவலையீனம் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். போர் அறுத்த கடதாசித் தொடரை, போரே நடக்காத ஊருக்கு எழுதிய விதிகளைக் கொண்டு ஒட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விதியைத் திருத்தாமல் இந்தச் சிக்கல் தீராது.

இந்தக் கார்கள் இங்கே வந்த காலத்தை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏ40 டெவன் 1947 முதல் 1952 வரையும், அதற்குப் பின் வந்த சோமசெட் 1954 வரையும் இங்கிலாந்தின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் உருவாகின. மொரிஸ் மைனர் 1948 இல் தொடங்கி எழுபதுகளின் தொடக்கம் வரை வந்தது. மொத்தம் பதினாறு இலட்சம் வண்டிகள். அரசாங்க உத்தியோகத்தரும் மலாயாவிலிருந்து பென்சனோடு திரும்பியவர்களும் வாங்கிய அந்தக் கார்கள் பிறகு வாடகைக் கார்களாகி, கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடாநாட்டைச் சுமந்தன. வெளியில் புதுக் கார் வந்துகொண்டிருந்தபோது யாழ்ப்பாணம் மட்டும் பழைய காரிலேயே நின்றதற்கு ஊரின் சிக்கனத்தைக் காரணமாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மைதான். 1990 யூன் மாதத்தில் தொடங்கிய பொருளாதாரத் தடை மற்றப் பாதி. பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் தடுக்கப்பட்டிருந்த ஊரில், இருந்த காரை உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இலங்கையில் வாகனப் பதிவுக்கு அடிப்படை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். கார் கைமாறினால் பதினான்கு நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பதிவுசெய்யப்பட்ட உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தால் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலுவையும் தண்டமும் ஏறும். சாதாரண காலத்தில் இவை நியாயமான விதிகள். ஆனால் சாதாரண காலத்திலேயே பலர் இவற்றை முழுதாகப் பின்பற்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விற்பவர் மாற்றப் படிவத்தில் வாங்குபவரின் பெயரை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்கு விற்பார். ஓப்பின் பேப்பர் என்று நாடு முழுக்க அறிந்த வழக்கம் இது. கொழும்பிலும் கண்டியிலும் அந்த வெற்றிடத்தை எப்போதாவது நிரப்பிக்கொள்ளலாம், ஏனென்றால் கையெழுத்திட்டவர் அநேகமாக அதே ஊரில் இருப்பார். கொக்குவிலில் அவர் எங்கே?

1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படையின் தாக்குதல் கொக்குவிலின் பிரம்படிக்குள்ளேயே நடந்தது. அடைக்கலம் தேடி மக்கள் கூடியிருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியும் எறிகணைக்குத் தப்பவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. பிள்ளையையும் உடுப்பையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் அலுமாரியின் அடித்தட்டில் இருந்த கார்ப் புத்தகத்தை எடுக்கவில்லை என்று எந்த அதிகாரி குறை சொல்வார்? அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சில வீடுகளுக்குக் கூரை இல்லை, சில வீடுகளுக்குக் கதவு நிலைகூட இல்லை. யாழ்ப்பாணப் பழைய கச்சேரிக் கட்டடமே போரில் இடிந்து, இன்றும் வெறுஞ்சுவராக நிற்கிறது. அரசாங்கம் தன் கட்டடத்தையே காப்பாற்ற முடியாத ஊரில் குடிமகன் ஒரு கடதாசியைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது கொடிய எதிர்பார்ப்பு. பதினான்கு நாள் விதியும் அப்படித்தான். ஏ9 பாதை மூடிக் கிடந்த ஆண்டுகளில், கொழும்புக்குப் போய்ப் பெயர் மாற்றம் செய்வது கப்பலுக்கும் அனுமதிக்கும் காத்திருப்பவர்களின் காரியப் பட்டியலில் கடைசியிலும் இடம்பெறாத ஒன்று. இதற்கிடையில் விற்றவர் ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டார், அல்லது இறந்துவிட்டார், அல்லது காணாமற்போனார்.

போர் கடதாசியை அறுத்ததென்றால், பொருளாதாரத் தடை காரின் உடம்பையே மாற்றியது. பெற்றோல் இல்லாத காலத்தில் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. அதன் எஞ்சினின் அழுத்த விகிதம் 7.2க்கு 1 தான்; அந்தக் குறைந்த அழுத்தமே மண்ணெண்ணெயைத் தாங்க வைத்தது. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தாங்கியது என்றாலும் சேதமில்லாமல் தாங்கவில்லை. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் எஞ்சின் ஒயிலோடு கலந்து பிஸ்ரனையும் வளையங்களையும் தின்றது. பழுதான எஞ்சினைக் கழற்றிவிட்டு இன்னொரு காரின் எஞ்சினைப் பூட்டினார்கள், சிலர் டீசல் எஞ்சினையே பூட்டினார்கள். யாழ்ப்பாண கராஜ்காரரின் அந்தத் திறமை பெருமைக்குரியது. இன்று பதிவுக்குப் போகும்போது அதே திறமை குற்றச்சாட்டாகத் திரும்புகிறது: எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை. செசி இலக்கமாவது உறுதியான சான்றா என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. சோமசெட்டுக்குத் தனிச் செசி உண்டு. மொரிஸ் மைனருக்கு இல்லை. பொடியும் அடித்தளமும் ஒரே உடல். அதன் இலக்கம் பொனற்றுக்குக் கீழே தகரச் சுவரில் அறைந்த சிறு தகட்டில்தான் இருக்கிறது. எழுபது ஆண்டு உப்புக்காற்றில் அந்தத் தகடு அரித்துப்போகலாம். இரண்டு ஆணியைக் கழற்றி அதை வேறு காருக்கு மாற்றவும் செய்யலாம்.

மாற்றுகிறார்கள் என்பதுதான் கசப்பான உண்மை. நேர்வழி அடைபட்டால் குறுக்குவழி தானாகத் திறக்கும். செத்துப்போன காரின் புத்தகத்தை வாங்கி, உயிருள்ள காரின் மேல் அந்த இலக்கத்தை ஏற்றுவது நாடறிந்த மோசடி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரின் விலை ஏறியதோடு பழைய புத்தகத்தின் விலையும் ஏறியது. இறுக்கமான விதி திருட்டைத் தடுக்கிறது என்பவர்கள் இந்த விளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும். உண்மையைச் சொல்பவனுக்குப் பதிவு இல்லை, பொய்யான தகட்டோடு வருபவனுக்குப் பதிவு உண்டு என்ற நிலையைத்தான் அந்த இறுக்கம் உண்டாக்கியிருக்கிறது.

எல்லாக் கார்களின் நிலையும் ஒன்றல்ல. புத்தகம் மட்டும் தொலைந்து, பதிவிலுள்ளவர் உயிரோடு இருந்தால் வழி எளிது. கொழும்பில் மையப் பதிவேடு இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டோடு விண்ணப்பித்தால் இணைப்பிரதி பெறலாம். புத்தகம் போனால் எல்லாம் போயிற்று என்று நம்பிக் கைவிட்டவர்கள் இதை அறிய வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுகளின் சம்மதமும், தேவையானால் நீதிமன்றத்தின் நிர்வாக அதிகாரமும் வேண்டும். வாரிசுகள் மூன்று கண்டங்களில் இருந்தாலும் முடியாத காரியம் அல்ல. மிகக் கடினமானது ஓப்பின் பேப்பரில் நாலைந்து கை மாறி, முதல் கையும் நடுக் கைகளும் மறைந்துபோன கார். காசு கொடுத்து வாங்கி, முப்பது ஆண்டு காத்து வைத்திருப்பவரிடம் அதற்கு ஒரு சான்றும் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு உரிமை கொடுத்தால், பறிகொடுத்த உண்மையான சொந்தக்காரரின் கதி என்ன என்று கேட்பார்கள். இது பாரமான ஆட்சேபம். கேட்டும் கேளாமலும் வாகனங்கள் எடுத்துச் செல்லப்பட்ட ஊர் இது. பூட்டிவிட்டுப் போன வீட்டிலிருந்து கார் காணாமற்போன குடும்பங்கள் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு நிலத்தின் விடயத்தில் சட்டம் ஏற்கனவே முகம் கொடுத்திருக்கிறது. பத்தாண்டு எதிர்ப்பின்றி ஆண்டால் நிலம் ஆண்டவருக்கு என்பது பழைய விதி. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் உரிமைக்கு வழக்காட முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எண்ணக்கூடாது என்றது. அதே ஆண்டில் காணாமற்போனவரை இறந்தவர் என்று எழுதாமலே அவர் குடும்பத்துக்குச் சான்றிதழ் கொடுக்கவும் சட்டம் வழி செய்தது. போர் காலக்கணக்கையும் கடதாசியையும் முறித்தது என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. காணிக்கு ஏற்றதைக் காருக்கு ஏற்க மறுப்பதற்கு நியாயம் இல்லை. நிபந்தனைப் பதிவு ஒன்றைக் கொடுக்கலாம்: பத்திரிகையிலும் வர்த்தமானியிலும் இலக்கத்தோடு அறிவித்தல், எதிர்ப்புச் சொல்ல ஓர் ஆண்டு, அதன் பின்னும் ஐந்து ஆண்டுக்கு விற்கத் தடை. கனடாவில் இருக்கும் பழைய சொந்தக்காரர் தன் காரின் இலக்கத்தை அந்த அறிவித்தலில் கண்டுகொள்ள இன்று வாய்ப்பு அதிகம். கொட்டிலுக்குள் மறைந்திருக்கும் காரை அவர் ஒருபோதும் காணப்போவதில்லை.

எதை வைத்துச் சரிபார்ப்பது? மற்ற நாடுகளின் அனுபவம் இதற்கு உதவும். பிரித்தானியாவில் பதிவேடு கணினிக்கு மாறியபோது 1983 நவம்பர் 30க்குள் பதியாத கார்கள் தம் பழைய இலக்கத்தை இழந்தன. பின்னர் வீ765 என்ற திட்டம் வந்தது. அங்கீகாரம் பெற்ற பழைய கார்க் கழகம் காரை நேரில் பரிசோதித்து, பழைய ஆவணம் ஏதாவது கண்டு சான்று சொன்னால் அதே இலக்கம் திரும்பக் கிடைக்கும். இந்தியா 2021 இல், ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு வீ.ஏ. என்ற தனி வரிசையை ஏற்படுத்தியது. கட்டணம் 20,000 இந்திய ரூபா, பத்தாண்டுச் செல்லுபடி, அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் தடை. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலம் ஓர் எச்சரிக்கை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு உரிமைப் பத்திரம் கேளாமல் அது பதிவு கொடுத்ததால், நாடு முழுவதிலுமிருந்து பத்திரமில்லாத வண்டிகள் அங்கே தபாலில் பதிவாகின. வெளிமாநிலத்தாருக்கு அந்த வாசலை 2023 இல் அடைத்தார்கள். சரிபார்க்காமல் திறப்பது எவ்வளவு பிழையோ, சரிபார்க்க வழியே வைக்காமல் மூடுவதும் அவ்வளவு பிழை. இங்கே சரிபார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். கொழும்பில் பழைய கார்க் கழகங்கள் உண்டு. இங்கிலாந்தில் பிரித்தானிய மோட்டார் கைத்தொழில் மரபு நிதியம் மொரிஸ், ஒஸ்ரின் தொழிற்சாலைகளின் எஞ்சிய உற்பத்திப் பதிவேடுகளைக் காத்து, செசி இலக்கத்தைக் கொண்டு சான்றிதழ் வழங்குகிறது. நல்லூர்ப் பிரதேச செயலகத்துக்குக் கீழ் உள்ள கிராம அலுவலருக்கும், அயலில் வாழ்ந்த முதியவருக்கும் எந்தக் கார் எந்த வளவில் எத்தனை காலம் நின்றது என்பது தெரியும். அவர்களின் சத்தியக்கடதாசிக்கு ஒரு பெறுமதி வேண்டும்.

பழைய கார் வசதியானவரின் விளையாட்டு, புகை கக்குவது, இதற்கு ஏன் சட்டம் என்ற குரலும் எழும். புகைக்குப் பரிசோதனை இருக்கிறது. சித்திபெறாத கார் ஓட வேண்டாம். ஆனால் குடாநாட்டில் இந்தக் கார்கள் வாடகைக்கு ஓடியவரின் குடும்பத்திடமும் கராஜ்காரரிடமும்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கின்றன. பத்திரம் இல்லாததால் அவர்கள் தம் காரைக் காப்புறுதி செய்யவோ நியாய விலைக்கு விற்கவோ முடியாது. பழைய இரும்பு விலைக்குக் கேட்கும் வியாபாரிக்கே அது போய்ச் சேர்கிறது. மோசடிப் புத்தகம் கைவசம் உள்ளவர் அந்தக் காரைத் திருத்திப் பல மடங்கு விலைக்கு விற்கிறார். இன்றைய விதி வசதியானவரைத் தடுக்கவில்லை, ஏழையிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கிறது.

புதுப் பதிவு கொடுத்தாலும் பழைய இலக்கத்தை மாற்றக்கூடாது. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளால் அமைந்த ஈ.என்., ஈ.எல்., சீ.வை. வரிசைகளை இந்தக் கார்கள் தாங்கியிருக்கின்றன. 1957 ஜனவரியில் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத்தகட்டில் ஏறியது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துத் தமிழ் ஸ்ரீ பொறிக்கும் போராட்டத்தை நடத்தியது. 1958 இல் தார் பூசும் போராட்டங்கள் நாட்டையே கலக்கின. தமிழரின் அரசியல் வரலாற்றின் ஒரு பக்கம் கார்களின் நெற்றியிலேயே எழுதப்பட்டது. அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு இன்றைய எழுத்து வரிசையைப் பூட்டினால் கார் இருக்கும், சாட்சியம் போய்விடும்.

இது வடக்கிலிருந்து எழுப்ப வேண்டிய கோரிக்கை. நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டத்தரணிகளும் நிபந்தனைப் பதிவுக்கான திருத்தத்தைப் போக்குவரத்து அமைச்சின் முன் வைக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் மாகாண சபைக்குரியது என்பதால், போர்க்கால நிலுவையையும் தண்டத்தையும் தள்ளுபடி செய்வதை மாகாண நிர்வாகமே தொடங்கலாம். அதுவரை கொட்டிலில் கார் வைத்திருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டாம். செசித் தகட்டையும் எஞ்சின் இலக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய காப்புறுதித் துண்டு, அனுமதிப்பத்திரம், கார் நிற்கும் கலியாணப் படம் எதையும் எறியாதீர்கள். காரை விற்றவரோ அயலவரோ உயிரோடு இருந்தால், இந்த மாதமே சமாதான நீதவான் முன் அவரிடம் ஒரு சத்தியக்கடதாசி வாங்குங்கள். அந்தக் காலத்துச் சாட்சிகள் பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.